மூலனூரில் மறையவில்லை

பி.என். ரோடு கம்பெனியில் நான் செக்கிங்.
பனியனை டியூப்லைட் மேல் விரித்து
ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல்
கண்டால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.
காணாவிட்டால் ஒன்றுமில்லை, அடுத்த பீஸ்.
பதினாலு வருசத்தில்
ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை
யாரும் எழுதி வைத்ததில்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு
ஆறங்குலத் தொலைநோக்கியைப் போர்வையில் சுற்றி
வண்டியின் பின்னால் கட்டிக் கிளம்பினேன்.
காங்கயம் தாண்டி, வெள்ளகோவில் தாண்டி.

ஒரு சிறுகோள். நாற்பது கிலோமீட்டர்க் கல்.
பெயர்கூட இல்லை, எண்தான்.
ராத்திரி இரண்டு நாற்பத்தொன்றுக்கு
சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்
ஒரு மங்கலான புள்ளியை அது மறைக்கும்.
அந்த மறைப்பின் நிழல்
நம் சீமையை ஒரு பெருமூச்சு நேரத்தில் கடந்துவிடும்.
எங்கே எத்தனை நொடி இருட்டு என்று
ஆளுக்கோர் ஊரில் நின்று அளந்தால்
கல்லின் உருவம் கிடைக்கும்.
காங்கயத்தில் தெய்வசிகாமணி, செல்போன் ரிப்பேர்.
வெள்ளகோவிலில் கூட்டுறவு பேங்க் கோமளவல்லி.
மயில்ரங்கத்தில் ரஹமத்துல்லா, பஸ் கண்டக்டர்.
தெற்கோரம் எனக்கு.
யாருக்கும் இதில் காசு கிடையாது,
பெட்ரோல்கூட அவரவர் பெட்ரோல்.

முருங்கைக்காடு, கிளுவை வேலி.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாய் விழித்தன, ஒன்றாய் மூடின.
ஒன்றரைக்கு டார்ச் அடித்தபடி ஒருவர் வந்தார்.
த்ரீ பேஸ் கரண்ட் வந்த நேரம்.
"ஏனுங்க, மோட்டார் ஒயர் அறுக்கற ஆளா?"
"இல்லைங்க, நட்சத்திரம் பாக்க வந்தனுங்க."
"அதுக்கு எங்க காடுதான் கெடைச்சுதாக்கும்?"
சொன்னேன்.
நடுவில் போய் ஒரு மடை திருப்பிவிட்டு வந்து
மிச்சத்தையும் கேட்டார்.
"செரி, மறையலீன்னா?"
"மறையலீன்னு எழுதோணுமுங்க."
"அதை வூட்ல படுத்துக்கிட்டே எழுதலாமல்லங்க?"

பதில் இருந்தது. நேரம் இல்லை.
இரண்டு முப்பத்தெட்டு.

கண்ணை ஒட்டினேன்.
பையில் ரெகார்டர் ஓட,
'மறைஞ்சுது' என்ற சொல்
நாக்கு நுனியில் தயாராக.
மாசிப் பனி கண்ணாடியில் படியாதிருக்க
மூச்சை ஒரு பக்கமாக விட்டேன்.
நாற்பது. நாற்பத்தொன்று.
இருந்தது.
நாற்பத்தொன்று பத்து.
இருந்தது.
அது இமைக்கவில்லை. நான் இமைத்தேனா?
நாமக்கல் முட்டை லாரி ஒன்று
ரோட்டை அதிரவைத்துப் போனது.
நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று,
சிந்திய உப்புக்கல்போல
இருந்த இடத்திலேயே இருந்தது.

நாக்கிலிருந்த சொல்லை
என்ன செய்வதென்று தெரியாமல்
விழுங்கினேன்.

போன் அடித்தது. தெய்வசிகாமணிக்குக் குரலெல்லாம் சிரிப்பு:
"மூணேகால் நொடி, அப்புடியே அணைச்சு அணைச்சு எரிஞ்ச மாதிரி!"
கோமளவல்லிக்கு இரண்டு புள்ளி ஒன்பது.
ரஹமத்துல்லாவுக்கு ஒன்றே முக்கால்,
ஒரு டிக்கெட் கிழிக்கிற நேரம்கூட இல்லை என்றார்.
"உங்களுக்கு?"
வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தம்.
"எனக்கு இல்லைங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை,
பரிதாபப்படுகிறவர்கள்போல.

விடிகாலை ரெகார்டரைத் திருப்பிக் கேட்டேன்.
எட்டு நிமிடம்.
என் மூச்சு, ஒரு நாய், ஒரு லாரி, மோட்டார்.
படிவத்தில் நிரப்பினேன்:
இடம் மூலனூர். வானம் தெளிவு.
மறைவு: இல்லை.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது.
நான்கு கோடுகள்.
மேலே மூன்றும் நடுவில் அறுந்திருந்தன,
அறுந்த இடங்களைச் சேர்த்தால்
ஒரு பக்கம் நசுங்கிய உருளைக்கிழங்கு.
அடியில் என் கோடு,
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
ஒரு தையல் விடாமல்.
கோமளவல்லி எழுதியிருந்தாள்:
"உங்க கோடு இல்லாட்டி
இந்தக் கல்லு தெக்கே எதுவரைக்கும் போகுதுன்னு
யாருக்குங்க தெரியும்?"

முருங்கைக்காட்டுக்காரர் நம்பரை
வாங்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை. வெள்ளைப் பனியன், மீடியம் சைஸ்.
வெளிச்சத்தில் விரித்து
வழக்கத்தைவிட நேரம் பார்த்தேன்.
சூப்பர்வைசர் மரகதம் எட்டிப் பார்த்தாள்.
"என்ன டேமேஜ்?"
"ஒன்றுமில்லை" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

சித்திரையில் இன்னொன்று வருகிறதாம், சேலம் பக்கம்.
லீவு கேட்க வேண்டும்.